எந்தக் கிழமை கேட்பது?

கூட்டம் காலை பதினொரு மணிக்கு. பள்ளிக்கூட அறையில் ஐம்பது நாற்காலி போட்டிருந்தார்கள். எண்ணிப் பார்த்தேன், பத்தொன்பது பேர் இருந்தோம். அதில் ஆறு பேர் அலுவலகத்து ஆட்கள், இரண்டு பேர் தேநீர் கொண்டுவந்தவர்கள். கரையோர ஊர் ஒன்றில், வார்டின் ஒரு பகுதி மக்களைக் கூட்டிக் கருத்துக் கேட்கிற பகுதி சபைக் கூட்டம் அது. ஊர்ப் பெயர் வேண்டாம். எந்த ஊரில் நடந்திருந்தாலும் ஏறக்குறைய இப்படித்தான் நடந்திருக்கும்.

டெங்கு ஒழிப்பு, மழைநீர் சேகரிப்பு, நெகிழி ஒழிப்பு என்று மேலிருந்து வந்த பொருள்களை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டிருந்தபோது ஒரு பெண் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. ஒரு கண் கூட்டத்தின் மேல், ஒரு கண் தெருவின் மேல். தெருவில் குழாயடி வரிசையில் அவருடைய தள்ளுவண்டி நின்றது, எட்டுக் குடத்தோடு. பேச்சு ஓய்ந்த ஒரு நொடியில் கேட்டார்: “தண்ணீர் என்றைக்கு வரும் என்று முதல் நாளே சொல்ல முடியுமா?” கூடுதல் தண்ணீர் வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. வருகிற நாளை முன்கூட்டிச் சொல்லுங்கள் என்பதுதான் கோரிக்கை. பார்க்கலாம் அக்கா என்றார் ஒருவர். அதற்குள் வரிசை நகர்ந்துவிட்டது, ஓடிவிட்டார். தீர்மான நோட்டில் அவருடைய கேள்வி இல்லை. டெங்கு இருந்தது. ஏகமனதாக நிறைவேறியது என்று எழுதியிருந்த பக்கத்தில் என் கையெழுத்தும் இருக்கிறது.

2022 பிப்ரவரி 19 அன்று நாம் வாக்களித்து அமர்த்திய நகர்மன்றங்களுக்கு ஐந்தாண்டுதான் ஆயுள். அடுத்து வருகிற மன்றம் யாருடையதாக இருந்தாலும் பதவியேற்ற வாரத்தில் அதன் முன் கிடக்கப்போகிற கேள்வி ஒன்றுதான்: முதலில் எதைச் செய்வது? மக்களைக் கேட்டுச் செய்வோம் என்று எல்லோருமே சொல்வார்கள். எப்படிக் கேட்பது என்பதற்குப் பல வழிகள் கண்ணெதிரே இருக்கின்றன. ராமநாதபுரம் மாவட்டத்தில் ராமேசுவரம், கீழக்கரை நகராட்சிகள், மண்டபம், தொண்டி பேரூராட்சிகள் போன்ற கடலோர ஊர்களை மனத்தில் வைத்து அவற்றை ஒன்றோடொன்று நிறுத்துப் பார்க்கிறேன்.

சட்டத்தில் இருக்கிறதோ இல்லையோ, இன்றைக்கு நடைமுறையில் இருப்பது தலைவர்களைக் கூப்பிட்டுப் பேசுவது. விசைப்படகுச் சங்கத் தலைவர், ஜமாஅத் நிர்வாகி, பங்குத்தந்தை, ஊர்த் தலைவர், வணிகர் சங்கச் செயலாளர், ராமேசுவரமாக இருந்தால் விடுதி உரிமையாளர்கள். ஒரு தேநீரில், அரை மணி நேரத்தில் ஊரின் நாடி பிடித்தாயிற்று என்று சேர்மன் நினைத்துக்கொள்ளலாம். இதை ஏளனமாகச் சொல்லவில்லை. படகு பிடிபட்ட செய்தி நள்ளிரவில் வந்தால் முதலில் எழுந்து ஓடுகிறவர்கள் இந்தத் தலைவர்கள்தான். ஆனால் படகு உரிமையாளர் பேசப்போவது டீசலையும் இறங்குதளத்தையும் பற்றி. இரண்டுமே நகராட்சியின் கையில் இல்லை. அதே படகில் கூலிக்குப் போகிறவருடைய வீட்டில் பேச்சு வேறு: குழாய், கழிவுநீர், மழைக்காலத்தில் வாசலில் நிற்கிற தண்ணீர். அவை நகராட்சியின் கையில் இருப்பவை. கருவாடு காயவைக்கிறவருக்கோ, விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு பாறையில் பாசி எடுக்கிறவருக்கோ, மீன் கூடையோடு பஸ் ஏறுகிறவருக்கோ அந்த அரை மணி நேரத்தில் நாற்காலி கிடையாது. உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு என்று சட்டம் செய்த மாநிலம் இது. ஆனால் தலைவர்கள் கூட்டத்தில் பெண்களைத் தேடினால் தேநீர் கொண்டுவருகிறவர்தான் அகப்படுவார். (கவுன்சிலர் பெண்ணாக இருக்க, கூட்டத்துக்கு அவருடைய கணவர் வருவது பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுத வேண்டும்.)

அடுத்தது மனு. திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். 2025 ஜூலை 15 முதல் ‘உங்களுடன் ஸ்டாலின்’ முகாம்கள் பல துறைகளின் மேசைகளைத் தெருவுக்கே கொண்டுவந்தன. பட்டாவுக்கும் உதவித்தொகைக்கும் அலைந்தவர்களுக்கு அந்த மேசையின் அருமை தெரியும். ஆனால் மனு என்பது தனக்கு வர வேண்டியதைக் கேட்பது. ஊர் முதலில் எதைச் செய்ய வேண்டும் என்பதை ஒரு மனுவால் சொல்ல முடியாது, நூறு மனுக்களைக் குவித்தாலும் முடியாது. குவியலைத் தெருவாரியாகப் பிரித்து அடுக்கினால் மட்டும் முடியும். ஓர் எழுத்தர் இரண்டு வாரம் உட்கார்ந்தால் எந்தத் தெருவிலிருந்து எத்தனை பேர், எதைப் பற்றி, எத்தனை ஆண்டாக எழுதுகிறார்கள் என்பது தெரிந்துவிடும். புதிய மன்றம் செலவில்லாமல் முதல் நாளே தொடங்கக்கூடிய வேலை இது.

கிழமையிலும் ஒரு சிக்கல் உண்டு. ராமேசுவரத்து விசைப்படகுகள் வழக்கமாகக் கடலுக்குப் போகிற நாட்கள் திங்கள், புதன், சனி. அனுமதி டோக்கன் வாங்கிக்கொண்டு காலையில் போனால் மறுநாள் காலையில்தான் கரை. ஆக, குறை கேட்கிற திங்கள்கிழமையில் குறை உள்ளவர் கடலில் இருக்கிறார். மற்ற நான்கு நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு. யாரும் வேண்டுமென்று செய்தது இல்லை. ஆட்சியர் அலுவலகத்தின் வாரமும் கடலின் வாரமும் வேறு வேறு, அவ்வளவுதான்.

வீடு வீடாகக் கணக்கெடுப்பு, அல்லது செல்பேசியில் வாக்கு. புதிதாகப் பதவிக்கு வருகிற எவருக்கும் இதன் மேல் ஒரு மோகம் வரும். வட்ட வட்டமாகப் படம் போட்டுப் பேட்டி கொடுக்கலாம். எனக்கு இதில் நம்பிக்கை குறைவு. பத்துத் தேவைகளை அச்சடித்து ஒன்றில் டிக் போடச் சொன்னால் இந்தக் கரையில் எல்லோரும் குடிநீரில்தான் போடுவார்கள். அதைத் தெரிந்துகொள்ளக் கணக்கெடுப்பு எதற்கு? தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவேன் என்று அரசு ஊழியரை மிரட்டும்போது எந்த மாவட்டத்தைச் சொல்கிறார்கள் என்று தமிழ்நாட்டில் யாருக்குத் தெரியாது? 2009-இல் திருச்சிப் பக்கத்துக் காவிரியிலிருந்து கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்த பிறகு கேள்வியின் வடிவமே மாறிவிட்டது. இப்போதைய கேள்வி தண்ணீர் வேண்டுமா என்பதல்ல. எந்தத் தெருவுக்கு எந்த நாள், எத்தனை மணிக்கு, வால்வைத் திறப்பவர் யார், குழாயின் கடைசியில் இருக்கிற வீட்டுக்கு வருவதற்குள் ஏன் நின்றுவிடுகிறது என்பவைதான். இதற்கெல்லாம் டிக் போடக் கட்டம் கிடையாது.

கீழக்கரையில் இன்னொரு வில்லங்கம். வீட்டுத் தலைவர் என்று பதிவாகியிருக்கும் செல்பேசி எண் பல வீடுகளில் வளைகுடா நாட்டில் ஒலிக்கும். சாக்கடை நிரம்பி வாசலில் வழிவதைத் தினம் தாண்டிப் போகிறவர் வீட்டில் இருக்கிற பெண். வாக்கு அங்கே பதிவாகும், நாற்றம் இங்கே இருக்கும். ஆனாலும் கணக்கெடுப்பு முற்றிலும் வீண் என்று சொல்லமாட்டேன். எத்தனை வீட்டுக்கு இணைப்பு இல்லை, எத்தனை வீட்டில் கழிவுநீர்த் தொட்டி இல்லை என்று உள்ளதைக் கணக்கிட அது வேண்டும். மக்கள் எதை விரும்புகிறார்கள் என்று அறிய அதைப் பயன்படுத்துவதில்தான் தவறு.

இப்போது பகுதி சபை. தங்கச்சிமடத்திலும் பாம்பனிலும் குடியிருப்பவர் ஊராட்சி வாக்காளர். அவருக்குக் கிராம சபை அரசியலமைப்பே கொடுத்த உரிமை. அதே தீவில் ராமேசுவரம் நகராட்சி எல்லைக்குள் வீடு பிடித்தால் அந்த உரிமை இல்லை. 1993-இல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது திருத்தம் நகரங்களுக்கு வார்டு குழுவைக் கட்டாயமாக்கியது, ஆனால் மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள நகரங்களுக்குத்தான். 2011 கணக்கெடுப்பில் ராமேசுவரத்தின் மக்கள்தொகை 44,856. இந்தக் கரையில் மூன்று லட்சத்தின் பக்கத்தில் வருகிற ஊர் ஒன்றுகூட இல்லை. 2022-இல் தமிழ்நாடு அரசு வார்டு குழு, பகுதி சபை விதிகளைக் கொண்டுவந்த பிறகுதான் சிறிய நகராட்சிக்கும் பேரூராட்சிக்கும் வழி பிறந்தது. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று மாநிலமெங்கும் பகுதி சபைகள் கூடின. பம்மலில் நடந்த கூட்டத்தில் முதலமைச்சரே கலந்துகொண்டார்.

வாசலில் நின்ற பெண்ணைப் பார்த்த பிறகும் நான் பகுதி சபையின் பக்கம்தான். இருக்கிற வழிகளில் சட்டத்தின் பலம் உள்ளது இது ஒன்றே. யாரும் வரலாம், தலைவராக இருக்க வேண்டியதில்லை. கூட்டம் தெருவளவு சிறியது. வால்வைத் திறப்பவரையே எதிரில் உட்காரவைத்துக் கேட்கலாம். குறைகளும் அதே அளவுக்குக் கண்கூடு: மேலிருந்து வருகிற பொருள்கள், காலை நேரம், முன்வரிசையில் கட்சிக்காரர்கள், ஏகமனதாக என்ற சொல். இவற்றில் மூன்றை மன்றமே மாற்றிக்கொள்ளலாம், யாரையும் கேட்க வேண்டியதில்லை. முன்வரிசையை மாற்ற முடியுமா என்று நான் சொல்லத் துணியவில்லை.

மாநிலம் முழுவதற்கும் ஒரே நாளில் சபை என்று அறிவிப்பது செய்தித்தாளுக்கு நல்லது, மீனவர் தெருவுக்கு ஆகாது. விசைப்படகு ஆட்கள் மிகுந்த வார்டில் வெள்ளிக்கிழமை மாலை கூட்டலாம். வியாழன் காலையில் கரை வந்தவர் உறங்கி எழுந்திருப்பார், சனிக்கிழமைப் பயணத்துக்கு இன்னும் இரவு இருக்கிறது. நாட்டுப்படகு மிகுந்த ஓலைக்குடா போன்ற இடத்தில் வெள்ளி சரிப்படாது. அங்கே திங்களோ புதனோ. கீழக்கரையில் மஃரிப் தொழுகைக்கு முன்பா பின்பா என்று முடிவு செய்துகொண்டு பெண்கள் வரக்கூடிய இடத்தில் வைக்க வேண்டும். ரத வீதியில் கடை வைத்திருப்பவருக்கு அமாவாசையை ஒட்டிய நாட்கள் ஆகவே ஆகாது. ஆடி, தை அமாவாசையில் ஊரே யாத்திரிகரின் கையில் இருக்கும். இப்படி வார்டுக்கு வார்டு நாள் மாறினால் ஆணையருக்குத் தலைவலிதான். இருபத்தொரு வார்டில் இருபத்தொரு மாலை அவர் வெளியே போக வேண்டியிருக்கும். போகட்டும்.

நாற்காலி நிரம்பினாலும் எல்லா விவகாரத்தையும் பகுதி சபையில் தீர்த்துவிட முடியாது. ராமேசுவரத்தில் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் வாகனத்தை எங்கே நிறுத்துவது, விடுதிகளின் கழிவுநீர் எங்கே போவது, அக்னி தீர்த்தக் கரையைச் சுத்தமாக வைத்திருக்கும் செலவை யார் தலையில் ஏற்றுவது என்ற கேள்விகளில் ஒவ்வொரு தரப்புக்கும் சங்கம் இருக்கிறது. குடியிருப்பவருக்கு மட்டும் சங்கம் இல்லை. இங்கேதான் சீட்டுக் குலுக்கிப் போட்டு ஆட்களை எடுக்கும் முறையை நினைக்கிறேன். அயர்லாந்தில் 2016-இல் கூட்டிய குடிமக்கள் பேரவையில் இப்படித் தேர்ந்தெடுத்த 99 பேர் உட்கார்ந்து சிக்கலான விஷயங்களை விவாதித்தார்கள். நமக்கு அயர்லாந்து தேவையில்லை என்று ஒருவர் சொல்வது காதில் விழுகிறது. சரி, உத்திரமேரூர் இருக்கிறது. முதலாம் பராந்தகன் காலத்து, பத்தாம் நூற்றாண்டுக் கல்வெட்டு: முப்பது குடும்பு (அன்றைய வார்டு), ஓலையில் பெயர், குடத்தில் இட்டு ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் செய்தார்கள். நிலமும் சொந்த மனையில் வீடும் இல்லாதவன் பெயர் குடத்துக்குள் போகவில்லை, பெண்ணின் பெயரும் போகவில்லை என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும். மேடைப் பேச்சாளர்கள் அந்தப் பகுதியைத் தாண்டிவிடுவார்கள். எனக்கு அதில் பிடித்தது வேறு ஒரு நிபந்தனை: முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவன் பெயரும் குடத்துக்குள் போகக் கூடாது, அவனுடைய உறவினர் பெயரும் கூடாது.

வாக்காளர் பட்டியலிலிருந்து வார்டுக்கு ஒரு பெண், ஓர் ஆண் என்று எடுத்தால் ராமேசுவரத்துக்கு 42 பேர். நான்கு அமர்வு. வருகிறவருக்கு அன்றைய கூலியைக் கொடுத்துவிட வேண்டும்; இல்லாவிட்டால் சீட்டு விழுந்த பாசி எடுக்கும் பெண் வரமாட்டார், அவருக்குப் பதிலாக வசதியுள்ள யாராவது வந்து உட்கார்ந்துவிடுவார். ஆனால் இதை ஒரே ஒரு சிக்கலுக்கு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். தெருவிளக்குக்கெல்லாம் குடவோலை என்றால் ஊர் சிரிக்கும்.

கடைசியாகப் பணம். மக்கள் பங்கேற்கும் பட்ஜெட் என்றதும் எல்லோரும் பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரேயைச் சொல்வார்கள். 1989-இல் அங்கே பேட்டை பேட்டையாகக் கூட்டம் போட்டு, தேவைகளை வரிசைப்படுத்தி, எந்தப் பேட்டையில் குறை அதிகமோ அதற்கு அதிக எடை கொடுத்து நகரின் முதலீட்டுப் பணத்தைப் பிரித்தார்கள். 1988-இல் 75 விழுக்காடு வீடுகளுக்கு இருந்த குடிநீர், கழிவுநீர் இணைப்பு 1997-இல் 98 விழுக்காட்டுக்கு வந்தது. பின்னாளில் ஆட்சி மாறியபோது அதே ஊரில் அந்த முறை தேய்ந்துபோனதும் உண்மை. பக்கத்துக் கேரளத்தில் 1996-இல் மக்கள் திட்டம் தொடங்கி, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காடு வரை உள்ளாட்சிகளுக்குக் கொடுத்தார்கள். புனே மாநகராட்சி 2006 முதல் வார்டு வேலைகளுக்குக் குடிமக்களிடமிருந்து பரிந்துரை வாங்கிவருகிறது.

நம்மிடம் இருப்பது ‘நமக்கு நாமே’. பொதுவாக மக்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் அரசு மீதியைப் போடும். நல்ல திட்டம்தான், ஊருணி தூர்வாரப் பலருக்கு உதவியிருக்கிறது. ஆனால் முன்னுரிமையைத் தீர்மானிக்கும் வழியாக அதை வைத்துக்கொண்டால் பணம் புரட்டக்கூடிய தெரு முந்திக்கொள்ளும். வெளிநாட்டில் நான்கு பிள்ளைகள் இருக்கிற தெருவுக்கு மூன்றில் ஒரு பங்கு ஒரு வாரத்து வேலை. தடைக்காலத்தில் வட்டிக்கு வாங்கித் தின்கிற குப்பத்துக்கு அது எட்டாது. சாக்கடை இல்லாதது எந்தத் தெருவில் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நான் கேட்பது பெரிய தொகை இல்லை. உதாரணத்துக்கு வார்டுக்கு ஐந்து லட்சம் என்று வைத்துக்கொள்வோம். இருபத்தொரு வார்டுக்கு ஒரு கோடியே ஐந்து லட்சம். ஐந்து லட்சத்தில் என்ன செய்துவிட முடியும் என்றால், ஒரு சந்துக்கு வடிகால், சில விளக்குகள், குழாயின் கடைசி முனைக்கு ஒரு வால்வு. தொகை சின்னதாக இருப்பதே நல்லது, சண்டை ஊரைப் பிளக்காது. ஆனால் அது உண்மையான பணமாக இருக்க வேண்டும். கையில் பணம் இல்லாத சபையில் மக்கள் பேசுவார்கள், பணம் உள்ள சபையில் கணக்குப் போடுவார்கள். வடிகாலா விளக்கா என்று ஒரு தெரு தானே வாதாடி ஒன்றைத் தள்ளிவைக்கும்போதுதான் முன்னுரிமை என்ற சொல்லுக்கே பொருள் வருகிறது.

எப்போது தொடங்குவது என்பதையும் கடலே சொல்லிவிடுகிறது. சென்ற முறை கவுன்சிலர்கள் பதவியேற்றது 2022 மார்ச் 2. நகராட்சியின் நிதியாண்டு ஏப்ரல் 1-இல் தொடங்குகிறது. அடுத்த தேர்தலும் அதே பருவத்தில் வந்தால், புதிய மன்றத்தின் முதல் பட்ஜெட் அதிகாரிகள் ஏற்கெனவே எழுதிவைத்ததாகத்தான் இருக்கும். அந்த ஆண்டின் பணத்தில் மக்களைக் கேட்டுப் புரட்டிவிடுவோம் என்று வாக்குக் கொடுப்பவரை நம்ப வேண்டாம். ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் இருக்கும். படகுக்குப் பலகை மாற்றிக்கொண்டும் வலை பின்னிக்கொண்டும் ஆட்கள் கரையில்தான் இருப்பார்கள். கேரளப் பக்கம் கூலிக்குப் போகிறவர்களும் உண்டு, ஆனாலும் ஆண்டில் வேறு எந்த இரண்டு மாதத்திலும் இத்தனை பேரைத் தெருவில் பார்க்க முடியாது. முதல் சுற்றுப் பகுதி சபை அந்த 61 நாளுக்குள் நடந்துவிட வேண்டும். மழை தொடங்குமுன் இரண்டாவது சுற்று. பட்டியல் டிசம்பருக்குள் முடிந்தால் அடுத்த பட்ஜெட்டில் ஏறிவிடும்.

ஆகவே என் தேர்வு இது: வார்டுக்குத் தக்க கிழமையில் பகுதி சபை, அதன் கையில் கொஞ்சம் பணம், கோயில் வீதிச் சிக்கலுக்கு மட்டும் சீட்டுக் குலுக்கல், மனுக் குவியலைத் தெருவாரியாக அடுக்க ஓர் எழுத்தர். தலைவர்களோடு தேநீர் தொடரட்டும், அதைக் கருத்துக் கேட்பு என்று எழுதாமல் இருந்தால் சரி. செல்பேசி வாக்கு வேண்டாம்.

இரண்டாவது கூட்டத்தில் முதலில் வாசிக்க வேண்டியது முதல் கூட்டத்தின் பட்டியல். எது ஆயிற்று, எது ஆகவில்லை, ஆகாததற்கு யாருடைய மேசை காரணம் என்று தேதியோடு. தண்ணீர் என்றைக்கு வரும் என்ற கேள்விக்கு ஐந்து லட்சமும் தேவையில்லை. குழாயடிச் சுவரில் ஒரு கரும்பலகை, சாக்கட்டி, முதல் நாள் மாலை வந்து எழுத ஓர் ஆள். அன்றைக்குக் கூட்டத்தில் இருந்த பத்தொன்பது பேரில் யாராவது அதைச் சொல்லியிருக்கலாம். நானும்தான்.